ஏஜென்சியில் நீங்கள் கண்விழிக்கும் நேரம் யார் கணக்கில் ஏறுகிறது?

விளம்பர ஏஜென்சியில் வேலை கிடைத்திருக்கிறது, சேரலாமா அக்கா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்று நிரப்பித் தருகிற டைம்ஷீட்டில் உண்மையான மணிக்கணக்கை எழுதுங்கள். கேட்டதும் முகம் சுருங்கிவிடும். அவர்கள் படப்பிடிப்பு பற்றி, விருது விழா பற்றி, ஒரே வரியில் ஊரைப் பேசவைப்பது எப்படி என்பது பற்றியெல்லாம் கேட்க ஆசையாக வந்திருப்பார்கள். அதெல்லாம் உண்மையிலேயே இருக்கிறது. மசாலாத் தூள் விற்கிற கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் அடுப்படியில் உட்கார்ந்து பேசியதும், விளம்பர வாசகம் எழுதுகிற ஒரு நல்ல காபிரைட்டர் நாற்பது வார்த்தையை ஆறாகக் குறைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்ததும் எனக்கு இந்த வேலை தந்தவைதான். சென்னையில் ஒரு பன்னாட்டு ஏஜென்சியின் கிளையில் பல வருடம் கிளையன்ட் சர்வீசிங்கில், அதாவது விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்கும் ஏஜென்சிக்கும் நடுவே நிற்கிற வேலையில், இருந்தவள் நான். இந்தத் தொழில் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விளம்பரம் எப்படி நள்ளிரவுக்குத் தள்ளப்படுகிறது என்று பாருங்கள். ஆடித் தள்ளுபடி. ஜவுளிக்கடை கிளையன்ட். மறுநாள் காலைப் பேப்பரில் முழுப்பக்கம், இடத்தைப் பதிவுசெய்கிற ரிலீஸ் ஆர்டர் போயாகிவிட்டது, மாலைக்குள் அச்சுக்கான மெட்டீரியல் பேப்பர் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். மதியமே ஆர்ட்வொர்க் தயார். ஆனால் விலைப்பட்டியலை ஓகே செய்ய வேண்டிய முதலாளி கொள்முதலுக்காக சூரத்தில் இருக்கிறார், அவர் மகன் பார்த்துவிட்டார், மருமகன் பார்க்கவில்லை, மார்க்கெட்டிங் மேனேஜருக்கு இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நிம்மதி. ஆறரை மணிக்கு ஐந்து புடவையின் விலை மாறுகிறது. எட்டு மணிக்கு மாடலின் படம் மாறுகிறது. பேப்பர் ஆபீஸில் தெரிந்தவரிடம் கெஞ்சி நேரம் வாங்குகிறோம். ஆர்ட்வொர்க்கைத் திருத்தித் தருகிற ஸ்டுடியோவில் இருக்கிற தம்பி மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை அப்போதுதான் திறந்திருப்பார். மொத்த வேலை இரண்டு மணி நேரம்கூட இருக்காது, மீதியெல்லாம் காத்திருந்த நேரம்.

இது தினசரி வேலை. பிட்ச் என்று ஒன்று வந்தால் இன்னும் மோசம். புதிய கிளையன்ட் நான்கைந்து ஏஜென்சிகளைக் கூப்பிட்டு யோசனை கேட்பார். ஒருவருக்குத்தான் வேலை கிடைக்கும், மற்றவர்கள் செய்த வேலைக்குப் பெரும்பாலும் காசு கிடையாது. என்ன வேண்டும் என்று சொல்கிற பிரீஃப் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், பிரசன்டேஷன் திங்கட்கிழமை காலை. சனி ஞாயிறு என்ற இரண்டு நாளை யாரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்வார்கள். விருதுக்கென்று செய்யும் வேலையும் இதே ரகம்தான், அதையும் அன்றாட வேலை முடிந்த பிறகு ராத்திரியில்தான் செய்வார்கள்.

ஏன் இப்படி? இதற்குப் பின்னால் ஒரு பணக்கணக்கு இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முன்பெல்லாம் ஏஜென்சிக்கு வருமானம் கமிஷன். பத்திரிகையில் ஒரு லட்சத்துக்கு இடம் வாங்கினால் பதினைந்து சதவீதம், அதாவது 15,000 ரூபாய் ஏஜென்சிக்கு. 1990-களில் மீடியா வாங்கும் வேலை, அதாவது பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பர இடம் வாங்குவது, தனி நிறுவனங்களாகப் பிரிந்தது, ஜே. வால்டர் தாம்ப்சன், ஓகில்வி என்ற இரண்டு பெரிய ஏஜென்சிகளின் மீடியா பிரிவுகளையும் சேர்த்து மைண்ட்ஷேர் தொடங்கியது 1997-ல். கமிஷன் அந்தப் பக்கம் போனது. எழுதுகிற, வரைகிற ஏஜென்சிக்கு மிஞ்சியது மாதக் கட்டணம், அதாவது ரிட்டெய்னர். அந்தக் கட்டணத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்றால் இத்தனை பேர், ஆளுக்கு மாதம் இத்தனை மணி நேரம் என்றுதான். ஆக ஏஜென்சி விற்பது உங்கள் நேரத்தை. நான்கு பேருக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏழு பேர் வேலையை அந்த நான்கு பேரிடம் வாங்கினால் கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. பெரிய ஏஜென்சிகள் லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் டோக்கியோவிலும் இருக்கிற தாய் நிறுவனங்களுக்குக் காலாண்டு லாபக் கணக்குக் கொடுக்க வேண்டியவை. கடைசியில் அந்த அழுத்தம் வந்து நிற்கிற இடம் ஸ்டுடியோ தம்பியின் சாப்பாட்டு டப்பா.

இப்போது டைம்ஷீட்டுக்கு வருகிறேன். வாரக்கடைசியில் எந்த கிளையன்டுக்கு எத்தனை மணி நேரம் என்று நிரப்பச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் அறுபத்தைந்து மணி நேரம் என்று உண்மையை எழுதுவாள். மேலே இருப்பவர் கூப்பிட்டு, மெதுவாகத்தான் சொல்வார்: "இவ்வளவு போட்டா இந்த கிளையன்ட் அக்கவுண்ட் நஷ்டத்துல ஓடற மாதிரி தெரியும்மா, நாப்பதுன்னு போட்டுடு." அவளும் போட்டுவிடுவாள். அந்த நிமிடத்தில் அவளுடைய இருபத்தைந்து மணி நேரம் காணாமல் போகிறது. கிளையன்டுக்குத் தெரியாது, மும்பையில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. அடுத்த வருடக் கட்டணம் பேசும்போது நான்கு பேரே போதும் என்பதற்கு அவள் கையெழுத்தே சாட்சியாகிவிடும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜப்பானைப் பார்க்க வேண்டும். டென்ட்சு அங்கே மிகப் பெரிய விளம்பர ஏஜென்சி. 2015 ஏப்ரலில் அங்கே சேர்ந்த தகாஹாஷி மட்சுரி, இணைய விளம்பரப் பிரிவில் இருந்தவர், அதே வருடம் டிசம்பர் 25 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 24. அது அளவு மீறிய வேலையால் நேர்ந்த மரணம் என்று 2016-ல் அரசுத் தொழிலாளர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. மனநோய் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் ஓவர்டைம் மட்டும் சுமார் 105 மணி நேரம். ஆனால் கம்பெனியில் அவர் பதிந்திருந்தது அக்டோபருக்கு 69.9, நவம்பருக்கு 69.5. அங்கே ஒப்பந்தப்படி மாத உச்சவரம்பு 70 மணி நேரம் என்பதுதான் காரணம். கட்டட வாசலில் நுழைந்த, வெளியேறிய பதிவுகளை எடுத்துப் பார்த்த பிறகுதான் உண்மைக் கணக்கு தெரிந்தது. அந்தப் புள்ளிவிவரத்தை முதல்முறை படித்தபோது நான் வெகுநேரம் அந்த 69.9-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது என்று போடச் சொல்கிற அதே குரல்தானே அது.

அதே நிறுவனத்தில் 1991-லும் ஓஷிமா இச்சிரோ என்ற 24 வயது இளைஞர் இப்படித்தான் இறந்தார். ஊழியர்கள் ஓவர்டைமைக் குறைத்து எழுதுவது அங்கே வழக்கமாகிவிட்டிருந்ததும், மேலே இருந்தவர்கள் அதை அறிந்திருந்ததும் அந்த வழக்கில் வெளிவந்தது. 2000-ல் ஜப்பான் உச்ச நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்றது. அப்படியும் பதினைந்து வருடம் கழித்து இன்னொரு பிள்ளை. உன்னைக் கொன்றாலும் எடுத்த வேலையை விடாதே என்கிற பொருளில் 1951-ல் அதன் தலைவர் எழுதிய விதி 2016 வரை ஊழியர் கையேட்டில் இருந்தது. மட்சுரியின் மரணத்துக்குப் பிறகு இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள், தலைவர் பதவி விலகினார், 2017-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. தொகை 5 லட்சம் யென். அவ்வளவுதான்.

நம் ஊரில் சட்டம் இல்லையா என்றால் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புச் சம்பளம். ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஏஜென்சியில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அக்கவுண்ட் மேனேஜர், சூப்பர்வைசர் என்று விசிட்டிங் கார்டு வந்துவிடும். அவருக்குக் கீழே ஒரு ஆள்கூட இருக்க மாட்டார், ஒரு நாள் லீவு கொடுக்கிற அதிகாரமும் இருக்காது. பதவிப் பெயரைப் பார்த்து எனக்கு எந்த உரிமையும் கிடையாது என்று நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். வழக்கு என்று வந்தால் நிஜமாக என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள், அதற்குத் தேதி போட்ட பதிவு வேண்டும்.

அதனால் இதைச் செய்யுங்கள். வந்த நேரம், போன நேரம் இரண்டையும் உங்கள் சொந்த டைரியிலோ போனிலோ தினமும் குறித்துவையுங்கள். வாய்வார்த்தையாக வருகிற பிரீஃபை உடனே மெயிலில் திருப்பி எழுதி அனுப்புங்கள், "நீங்கள் சொன்னது இது, கொடுக்க வேண்டிய நேரம் இது" என்று; பாதி ராத்திரி வேலை அங்கேயே குறையும், ஏனென்றால் எழுத்தில் பார்த்ததும் கிளையன்டே திங்கட்கிழமையைப் புதன்கிழமை ஆக்கிவிடுவார், எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவில் சம்பளம் பேசுவதோடு நிறுத்தாமல், இந்த டீமில் கடைசியாக விலகியவர் எதற்காக விலகினார், ராத்திரி எத்தனை மணிக்கு மேல் வண்டி கொடுப்பீர்கள், ஞாயிறு வேலைக்குப் பதில் லீவு எழுத்தில் உண்டா என்று கேளுங்கள். அப்புறம், பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பெண் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, லேப்டாப் சத்தம் கேட்டாலே திடுக்கிடுகிறாள் என்றால் "எல்லா வேலையும் அப்படித்தான்" என்று சொல்லிவிடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

உண்மையை எழுதினால் வேலை போய்விடாதா என்று கேட்பார்கள். தனியாக ஒருத்தி மட்டும் எழுதினால் திட்டு விழும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு டீம், சர்வீசிங், வாசகம் எழுதுகிறவர்கள், ஆர்ட், ஸ்டுடியோ எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு ஒரு காலாண்டு முழுக்க உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். அவர்களின் தலைவி அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வருடாந்திரக் கட்டணப் பேச்சுக்குப் போனார். கிளையன்ட் முதலில் நம்பவில்லை, கிளையன்ட் பக்க அப்ரூவலுக்காக மட்டும் டீம் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று தேதி தேதியாகக் காட்டியதும் அமைதியாகிவிட்டார்கள். கட்டணத்தில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள், அப்ரூவலுக்கு ஒரே ஒரு ஆள் என்றும் எழுதி வாங்கினார்கள்.