வட்டமாக இல்லாத பிஸ்டன்

போன மாதம் சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, வண்டி மறுபடியும் ஜாம் ஆயிடுச்சு. இந்தத் தடவையும் இடது பக்கப் பிஸ்டன்தான். வண்டிக்கு ராசி இல்லை, வித்துடுன்னு அம்மா சொல்றாங்க. ரெண்டு தடவையும் ஒரே பக்கம் ஏன் பிடிக்குது?"

அவனுடையது ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இந்தியாவில் கொண்டுவந்ததே இந்த வண்டி. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 347 சிசி. முதலில் வந்த 'ஹைடார்க்' 30.5 குதிரைத்திறன். அன்றைய புல்லட் 350 கொடுத்ததே 18 தான். சோழவரம் பந்தயத்தில் இதன் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பற்றிப் பேசுவார்கள். உற்பத்தி நின்று முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரிஜினல் பிஸ்டன் ஒன்று வேண்டுமென்றால் ஜிபி ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் நாள் கணக்கில் அலைய வேண்டும்.

அதனால்தான் பிஸ்டனைத் தேடி ஓடுவதற்கு முன் காரணத்தைத் தேடு என்று அவனிடம் சொன்னேன். ஒரே பக்கம் இரண்டு முறை பிடித்தது, அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றது, நல்ல தடயம். ஒரே பெட்ரோல், ஒரே ஆயில், ஒரே ஓட்டுநர். வலது பக்கம் நன்றாக இருக்கிறது என்றால் கோளாறு இடது பக்கத்துக்கு மட்டும் சொந்தமானது.

டூ ஸ்ட்ரோக் வேலை செய்யும் விதம் பள்ளியில் படித்ததுதான்: பிஸ்டன் மேலே போகும்போது அடியில் கிராங்க் அறை காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அதை மேலே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு வேண்டிய எண்ணெயும் அந்தக் கலவையோடுதான் வருகிறது.

நான் சொல்ல விரும்புவது பிஸ்டனின் உருவத்தைப் பற்றி. பார்க்க உருளையாக இருக்கும். ஆனால் அது உருளை இல்லை. எத்தனை முறை அளந்து பார்த்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஆர்டியின் சிலிண்டர் விட்டம் 64 மில்லிமீட்டர். சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அலுமினியம் இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரிகிறது. பிஸ்டனின் தலை நெருப்பைத் தொட்டுக்கொண்டே இருப்பது. அது 250 டிகிரி சூடேறினால் விட்டத்தில் 0.3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பெருக்கும். சிலிண்டருக்கு வெளியே ரெக்கைகளும் காற்றும் இருப்பதால் அது 100 டிகிரி ஏறினாலும் 0.07 மில்லிமீட்டர்தான் விரியும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விடும் இடைவெளியோ சுமார் 0.04, 0.05 மில்லிமீட்டர், ஒரு தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. நேரான உருளையாகச் செய்தால் ஊரைத் தாண்டுவதற்குள் தலை போய்ச் சுவரில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் பிஸ்டனைத் தலைப்பக்கம் சிறுத்தும் பாவாடைப்பக்கம், அதாவது கீழ்ப்பாதி, அகன்றும் கடைகிறார்கள். அதோடு அது நீள்வட்டமாகவும் இருக்கும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்' என்ற உலோகத் தண்டு நுழையும் இடத்தில் உலோகம் தடிமன் என்பதால் அந்தத் திசையில் அதிகம் விரியும். ஆகவே குளிர்ந்திருக்கும்போது அந்தத் திசையில் கொஞ்சம் ஒல்லியாக விடுகிறார்கள். எல்லாம் சூடேறி அதனதன் அளவுக்குப் பெருத்த பிறகுதான் பிஸ்டன் உருளையாகிறது. கோணலாகப் பிறந்து, ஓடும்போது மட்டும் நேராக நிற்கும் பொருள் இது. இதை முதலில் யோசித்தவர்களுக்கு நான் மனதார வணக்கம் சொல்வேன்.

தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கும்போதும் இதை மறக்கக் கூடாது. மைக்ரோமீட்டரை அந்த 'பின்' தண்டுக்குக் குறுக்காக, பாவாடையின் அடிப்பக்கம் வைத்து அளக்க வேண்டும். தலைப்பக்கம் அளந்தால் கணக்கு மொத்தமும் தப்பு.

சரி, ஏன் பிடிக்கிறது? அந்த உருவம் குறிப்பிட்ட சூட்டுக்காகச் செய்யப்பட்டது. சூடு அதைத் தாண்டினால் இடைவெளி தீர்ந்து, எண்ணெய்ப் படலம் கிழிந்து, அலுமினியம் இரும்பின்மேல் ஈஷிக்கொள்கிறது. பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த நொடியில் கிளச்சைப் பிடிப்பவர் விழாமல் தப்பிக்கிறார்.

பிடித்த இடம் காரணத்தைச் சொல்லும். நான்கு மூலையில் நான்கு கீறல் என்றால், என்ஜின் சூடாகும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள். பிஸ்டன் விரிந்துவிட்டது, சிலிண்டர் இன்னும் விரியவில்லை. சுற்றிலும் வறட்சியாகத் தேய்ந்திருந்தால் ஆயில் பம்பைப் பார்க்க வேண்டும். இந்த வண்டியில் அந்தப் பம்பை ஒரு கேபிள்தான் ஆக்சிலேட்டரோடு இணைக்கிறது. கேபிள் நீண்டுவிட்டால் முறுக்கும் அளவுக்கு எண்ணெய் வராது. புகை வெளியேறும் பக்கத்தில் மட்டும் பலத்த கீறல் என்றால் சூடு மிதமிஞ்சியது என்று அர்த்தம்.

தம்பி அனுப்பிய படத்தில் கீறல் சைலன்சர் பக்கம் இருந்தது. ஆயில் பம்பு சரியாக இருந்தது. அப்படியென்றால் கலவையில் பெட்ரோல் குறைந்திருக்கிறது.

பெட்ரோல் குறைந்தால் சூடும் குறைய வேண்டாமா என்று தோன்றும். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்தில் ஓடும்போது கார்புரேட்டர் வேண்டுமென்றே அதைவிட அதிகமாகப் பெட்ரோல் கொடுக்கிறது. எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் ஆவியாகி, பிஸ்டனையும் குளிர்விக்கிறது. வேறு வழியில் காற்று புகுந்தால் அந்த உபரி போய்விடும். தீ இன்னும் சூடாக எரியும்.

காற்று எங்கிருந்து வந்தது? கிராங்க் அறை உறிஞ்சும் பம்பு என்று சொன்னேன் அல்லவா, இந்த வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அது தனித்தனி. வலது, இடது இரண்டு வெளிமுனையிலும் கசிவை அடைக்கும் ரப்பர் ஆயில் சீல் இருக்கிறது. வலது சீலுக்கு வெளியே கிளச்சும் கியர் ஆயிலும். அது பழுதானால் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும், ஊருக்கே தெரிந்துவிடும். இடது சீலுக்கு வெளியே இருப்பது டைனமோவும் வெறும் காற்றும்தான். அது பழுதானால் புகையே வராது. ஆக்சிலேட்டரை விட்டபிறகும் ரேஸ் சட்டென்று இறங்காது, அவ்வளவுதான். நிறையப் பேர் அதைக் கவனிப்பதில்லை. தம்பியின் வண்டி வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி. ரப்பர் இறுகிப் பிளாஸ்டிக் மாதிரி ஆகியிருக்கும் என்று சொன்னேன். கழற்றிப் பார்த்தபோது நகத்தால் அழுத்தினால்கூட அமுங்கவில்லை.

இதற்கு மெக்கானிக் ஒருவர் சொன்ன பரிகாரம் சக்கரத்தில் எலுமிச்சம்பழம். பழம் வைப்பது அவரவர் நம்பிக்கை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் முதல் முறை பிடித்தபோதே "ராசி" என்று சொல்லி மூடிவிட்டதால், கிடைப்பதற்கு அரிய இன்னொரு பிஸ்டனும் போய்விட்டது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். நம் பாலிடெக்னிக்குகளில் பழைய உதிரிப் பாகத்தை அளந்து, வரைந்து, மறுபடி வார்த்துப் பார்க்கக் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம். கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளுக்குக் குறைவில்லை. ஒரு மாணவன் அந்த நீள்வட்டத்தைத் தானே கடைந்து பார்த்தால் வெப்ப விரிவை வாழ்நாளில் மறக்க மாட்டான்.

சிலிண்டரில் ஈஷிய அலுமினியத்தை எடுக்கக் காஸ்டிக் சோடா போதும். அலுமினியம் காரத்தில் கரையும், வார்ப்பிரும்பு கரையாது. பத்தாம் வகுப்பு வேதியியல்தான். ஹைட்ரஜன் வாயு நுரைத்து வரும் என்பதால் திறந்த வெளியில், தீ பக்கத்தில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்ய வேண்டும். கழுவிப் பார்த்ததில் ஒரு கீறல் ஆழமாக இருந்தது. அரை மில்லிமீட்டர் பெரிய (0.50 ஓவர்சைஸ்) பிஸ்டன் இரண்டு தேடிப் பிடித்து, அவற்றைக் கையில் வைத்து அளந்த பிறகே சிலிண்டர்களைக் குடைய லேத்துக்குக் கொடுத்தோம். வேறு வண்டியின் பிஸ்டன் விட்டத்தில் பொருந்தலாம். ஆனால் ஆர்டி பிஸ்டனின் கார்புரேட்டர் பக்கம் ஜன்னல் மாதிரித் துளைகள் உண்டு, கலவை அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அது இல்லாத பிஸ்டன் உதவாது.

புது சீல்களைப் போட்டு, என்ஜினைப் பூட்டி, இனிக் காற்று கசிகிறதா என்று பார்க்க, கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வைத்து அடைத்தோம். சித்தியின் பழைய பிரஷர் பார்க்கும் கருவியின் குழாயைச் செருகி, பல்பை அழுத்தி முள்ளை 250-இல் நிறுத்தினோம். சித்தி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன பார்க்கிறீர்கள் என்று எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மூவரும் குடித்து முடிக்கும் வரை முள் அசையவில்லை.