சுத்தமான தைலமா? அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும்

"அக்கா, இது ப்யூர்தானுங்களா?"

எசென்ஷியல் ஆயில், அதாவது செடிகொடிகளிலிருந்து எடுக்கும் வீரியமான வாசனைத் தைலம், கேட்டு எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். ஆமாம் என்று சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "அப்ப கொழந்தைக்கு ரெண்டு சொட்டு குடுக்கலாமுங்களா? கேக்குல ஊத்தலாமுங்களா?" கோவையில் மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்குக் கவலை தருவது இந்த இரண்டாவது கேள்விதான். சுத்தமானது என்றால் பயமில்லாதது என்று எடுத்துக்கொள்கிறார்கள். தைலத்தில் கணக்கு வேறு. கலப்படம் இல்லாத தைலத்தில் வீரியம் முழுசாக இருக்கும். அதனால் தரமானதை வாங்கினால் அளவைக் குறைக்க வேண்டும், எச்சரிக்கையைக் கூட்ட வேண்டும்.

எங்களுக்குப் பக்கத்து மலையான நீலகிரியையே எடுத்துக்கொள்ளலாம். 1843 வாக்கில் விறகுக்காக அங்கே கொண்டுவந்து நட்டவைதான் யூகலிப்டஸ் மரங்கள். நூறு கிலோ இலையைக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்தால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு கிலோ தைலம். அதாவது ஒரு தேக்கரண்டித் தைலத்தில் அரைக் கிலோ இலையின் வாசனைச் சரக்கு அடங்கியிருக்கிறது. இரண்டு இலையைக் கிள்ளி வெந்நீரில் போடுவதும் பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதும் ஒன்றாகாது. ஓமத்திரவத்தையும் இப்படித்தான் குழப்பிக்கொள்கிறார்கள். வயிற்றுவலிக்குத் தரும் ஓமத்திரவம், ஓமத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீர். அதில் எண்ணெய் மிகச் சிறிதளவே இருக்கும். இப்போது ஆன்லைனில் கிடைக்கும் ஓம எண்ணெயோ தைமால் என்ற காரமான பொருள் நிறைந்தது, நாக்கில் பட்டாலே எரியும். "அதுக்குப் பதிலா இதுல நாலு சொட்டு" என்று மாற்றிக்கொள்ளக் கூடாது.

யூகலிப்டஸ் தைலத்தில் பெரும்பங்கு சினியோல் என்ற பொருள். சின்னக் குழந்தை இதைச் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே போதும். வாயில் எரிச்சல், வாந்தி, பிறகு தூக்கக் கலக்கம், சில குழந்தைகளுக்கு வலிப்பு. அரை மணி நேரத்துக்குள்ளேயே இவ்வளவும் நடந்துவிடலாம். குழந்தை தானாக எடுத்துக் குடிப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ராத்திரியில் பாதித் தூக்கத்தில் எழுந்து இருமல் சிரப் என்று நினைத்துத் தைலத்தைப் பெரியவர்களே ஊற்றிக் கொடுத்துவிடுவது. இரண்டும் பழுப்புப் பாட்டில், இரண்டும் ஒரே அலமாரி. ஊட்டி போய் வந்தவர்கள் அன்பாகக் கொடுக்கும் பாட்டிலில் லேபிள்கூடச் சரியாக இருக்காது. தைலத்தைச் சிரப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பழைய சிரப் பாட்டிலில் ஊற்றி வைப்பது அதைவிட மோசம்.

விழுங்கினால்தான் ஆபத்து என்றும் இல்லை. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த தைலங்களைத் தடவியதாலும் முகர்ந்ததாலும் வலிப்பு வந்திருப்பதைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். "மாத்திரை ஒழுங்காப் போட்டும் ஏன் வருது?" என்று கேட்கிறவர்களிடம் தலைவலிக்கு என்ன தடவுகிறீர்கள் என்று நான் கேட்பது இதனால்தான்.

கற்பூரத்தைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். சளி பிடித்த கைக்குழந்தைக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துச் சூடாக நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் பழக்கம். கற்பூரம் தோல் வழியாக உள்ளே போகும், குழந்தையின் மெல்லிய தோலில் இன்னும் வேகமாகப் போகும். வீட்டில் கரைக்கும்போது எத்தனை வில்லை, எவ்வளவு எண்ணெய் என்று யாரும் அளப்பதில்லை. அமெரிக்காவில் தடவும் மருந்துகளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 1980-களிலேயே வரம்பு வைத்தார்கள். வலிப்பு வந்த குழந்தைகள்தான் அதற்குக் காரணம். இரண்டு வயதுக்குக் கீழே கற்பூரம், மென்தால், யூகலிப்டஸ் எதுவுமே வேண்டாம் என்பது என் கருத்து. பெரிய குழந்தைகளுக்கும் மூக்கின் மேலோ மூக்குக்குக் கீழேயோ தடவக் கூடாது. பூஜைக் கற்பூரம் இன்னொரு தொல்லை. குழந்தைக்கு அது கற்கண்டு போலத் தெரியும். பொங்கலிலும் லட்டிலும் சிட்டிகை சேர்க்கும் பச்சைக் கற்பூரம் வேறு, பூஜைக் கற்பூரம் வேறு. பெரும்பாலும் பைன் மரப் பிசினிலிருந்து வரும் டர்பன்டைனைக் கொண்டு தயாராகும் பூஜைக் கற்பூரத்தைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது வின்டர்கிரீன் என்ற செடியின் இலைத் தைலம். மூட்டுவலிக்கு என்று மலைக்கடைகளில் விற்பது. இதில் கிட்டத்தட்ட முழுவதும் மெதில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. ஒரு தேக்கரண்டி வின்டர்கிரீன் எண்ணெய் சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். இதய நோயாளிகள் தினம் ஒன்று போடும் 75 மில்லிகிராம் மாத்திரையில் சொன்னால் தொண்ணூறுக்கும் மேல். ஒரு மடக்கில் ஒரு குழந்தையின் உயிர் போகலாம். தாத்தாவின் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இந்தப் பாட்டிலுக்குத்தான் வீட்டில் முதலில் பூட்டு வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிற பெரியவர்கள் இதைத் தினமும் அள்ளித் தேய்ப்பதும் கூடாது. ரத்தக்கசிவு கூடும்.

பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் கேட்டால் கொடுப்பேன், அளவு சொல்லித்தான் கொடுப்பேன். பஞ்சில் ஒரு சொட்டு, வலிக்கும் பல்லில் மட்டும், ஈறில் படாமல். அதிலுள்ள யூஜினால் மரத்துப்போகச் செய்யும், பல் மருத்துவர்களே பயன்படுத்தும் பொருள்தான். ஆனால் பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவ அது வேண்டவே வேண்டாம். குழந்தைகள் இதைக் குடித்துக் கல்லீரல் பழுதான சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் உண்டு. பாராசிட்டமால் அதிகமாகிவிட்டால் தரும் மாற்று மருந்தையே இதற்கும் தந்திருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு சொல்கிறாயே, நல்லது ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. எரிச்சல் கொண்ட குடல் தொல்லைக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் அடைத்த மாத்திரைகள் உதவுவதற்கு நல்ல சான்று உண்டு. அது வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி உறை போட்ட மாத்திரை. பாட்டில் எண்ணெயைத் தண்ணீரில் விட்டுக் குடித்தால் அந்தப் பலன் கிடைக்காது. எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதந்து தொண்டையைச் சுடும், அவ்வளவுதான். முகப்பருவுக்கு, டீ ட்ரீ என்ற மரத்தின் தைலம் 5 சதவீதம் கலந்த ஜெல் மெதுவாக வேலை செய்யும். மூக்கடைப்புக்கு மென்தால் முகர்ந்தால் காற்று தாராளமாகப் போவது போல இருக்கும். மூக்கை அளந்து பார்த்தால் அடைப்பு அப்படியேதான் இருக்கும், குளிர்ச்சியை உணரும் நரம்பு தூண்டப்படுவதால் வரும் உணர்வு அது. அந்த ஆறுதலில் தப்பில்லை. ஆவி பிடிக்க வெந்நீர்க் குண்டானைக் குழந்தைக்கு முன்னால் வைப்பதில்தான் தப்பு. சளியைவிட வெந்நீர் கொட்டிய புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது கஷ்டம். நெபுலைசரில் தைலத்தை விடலாமா என்றும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. நுரையீரலுக்குள் எண்ணெய் போனால் அழற்சி வரும்.

பெரியவர்கள் தோலில் தடவ 2 சதவீதம் போதும். 30 மில்லி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சுமார் 12 சொட்டு. பாட்டிலிலிருந்து நேரே தடவுவது தோலுக்குக் கேடு. எலுமிச்சை, அதன் இனப் பழமான பெர்கமாட் போன்றவற்றின் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளித்துக் கருத்துவிடும்.

இனித் தரம். "தெரப்யூடிக் கிரேடு" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டி, பார்த்தீர்களா என்பார்கள். எந்த அரசு அமைப்பும் அப்படி ஒரு முத்திரை தருவதில்லை, விற்கிறவர்களே வைத்துக்கொண்ட பெயர். 2014-ல் எபோலாவைக்கூடத் தங்கள் எண்ணெய் தடுக்கும் என்று ஆட்கள் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டு பெரிய எண்ணெய் நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சர்க்கரை நோய்க்கு என்று வரும் எண்ணெய் விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும்.

நான் பார்ப்பது வேறு விஷயங்கள். செடியின் தாவரவியல் பெயர் இருக்கிறதா, எந்தப் பாகத்திலிருந்து எடுத்தது, தொகுதி எண், காலாவதித் தேதி, பழுப்புக் கண்ணாடி. லவங்கப்பட்டை எண்ணெய் என்றால் பட்டையிலிருந்து எடுத்ததா இலையிலிருந்து எடுத்ததா என்பது முக்கியம், இரண்டு எண்ணெயும் வேறு வேறு சரக்கு. அப்புறம் விலை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும். பத்து மில்லி சுத்தமான ரோஜா எண்ணெய் 200 ரூபாய் என்றால் உள்ளே இருப்பது வேறு ஏதோ. ஸ்ட்ராபெர்ரி எசென்ஷியல் ஆயில், மாம்பழ எசென்ஷியல் ஆயில் என்று ஒரு கடை விற்றால் அந்தக் கடையின் மற்ற பாட்டில்களையும் நம்பாதீர்கள். அந்தப் பழங்களிலிருந்து அப்படி எண்ணெய் காய்ச்சி எடுக்க முடியாது. வெனிலாவிலும் அப்படித்தான். வெள்ளைத் தாளில் சொட்டு விட்டு, எண்ணெய்க் கறை தங்குகிறதா என்று பார்க்கும் சோதனையால் சமையல் எண்ணெய் கலந்த கலப்படத்தை ஓரளவு பிடிக்கலாம், டர்பன்டைன் கலந்ததைப் பிடிக்க முடியாது. தண்ணீரில் மிதந்தால் அசல் என்பதும் கதை. கிராம்பு எண்ணெயும் வின்டர்கிரீனும் அசலாக இருந்தாலே மூழ்கும்.

கேக் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கோவையில் வீட்டிலிருந்து கேக் செய்து விற்கும் பெண்கள் இப்போது தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மருந்துக்கடையிலும் அழகுப்பொருள் கடையிலும் கிடைக்கும் எண்ணெயில் "வெளி உபயோகத்துக்கு மட்டும்" என்று இருந்தால் அது எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கேக்கில் போகக் கூடாது. உணவுக்கான சுவையூட்டி என்று எழுதி, இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் அச்சிட்டிருக்க வேண்டும். மல்லிகை எண்ணெயைப் பெரும்பாலும் ஹெக்சேன் போன்ற கரைப்பான் கொண்டுதான் எடுக்கிறார்கள். வாசனைத் திரவியத்துக்கு என்று வந்ததை மல்லிகை கேக்குக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அளவில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். எசன்ஸ் ஒரு தேக்கரண்டி விட்டுப் பழகிய கை எண்ணெயையும் அப்படியே விடும். எசன்ஸில் சுவைப்பொருள் கொஞ்சம், மீதி அதைக் கரைத்த திரவம். எண்ணெயில் முழுவதும் சரக்கு. ஒரு தேக்கரண்டி என்றால் நூறு சொட்டு. ஒரு கிலோ கேக்குக்கு எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய் என்றால் இரண்டு மூன்று சொட்டு. பெப்பர்மின்ட் ஒன்று. பட்டை, கிராம்பு என்றால் ஒரு சொட்டே அதிகம், பல்குச்சியை நனைத்துக் கலக்கினால் போதும். நான் சொல்லித்தரும் வழி எளிது. ஒரு மில்லி எண்ணெயை ஒன்பது மில்லி சூரியகாந்தி எண்ணெயில் கலந்து, பெயர், தேதி ஒட்டித் தனிப் பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். இனி பத்துச் சொட்டு விட்டால்தான் பழைய ஒரு சொட்டு. கை நழுவினாலும் கேக் கெடாது.

மைதாவிலோ பாலிலோ நேராக விடாதீர்கள், ஒரே இடத்தில் தங்கி ஒரு துண்டு கசக்கும், இன்னொன்று சப்பென்று இருக்கும். வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போது சேர்த்தால் கொழுப்பில் சீராகப் பரவும். அவனில் வாசனையில் ஒரு பங்கு பறந்துவிடும். அதற்காகச் சொட்டைக் கூட்டாமல், மேலே பூசும் பட்டர்கிரீமிலோ சர்க்கரைப் பாகிலோ கொஞ்சம் சேர்ப்பது நல்லது. எண்ணெய் உண்மையிலேயே எசன்ஸை மிஞ்சும் இடம் சாக்லேட். தண்ணீர் கலந்த எசன்ஸ் விட்டால் உருக்கிய சாக்லேட் திரிதிரியாக இறுகிவிடும், எண்ணெயால் அப்படி ஆகாது. புதினா சாக்லேட் செய்கிறவர்கள் எண்ணெய் கேட்பது நியாயம்தான். ஏலக்காய்க்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போடியிலிருந்து வரும் ஏலக்காயை அன்றன்று இடித்துப் போட்டால் வரும் மணத்துக்கு எந்தப் பாட்டிலும் ஈடில்லை. எலுமிச்சைத் தோலைத் துருவிப் போடுகிறவர்களுக்கும் எண்ணெய் தேவையில்லை.

அளக்கத் தெர்மகோல் கப் வேண்டாம், ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனின் அதைக் கரைத்துவிடும். அடுப்புப் பக்கத்தில் பாட்டிலை வைக்க வேண்டாம். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள் காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். திறந்து ஒரு வருடமானால் கொட்டிவிடுங்கள்.

குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்ப வரும்போது தைலம் நுரையீரலுக்குள் போய்விடும், அது வயிற்றில் இருப்பதைவிட ஆபத்து. பால், உப்புத்தண்ணீர், எண்ணெய் எதுவும் கொடுக்காமல் வாயை மட்டும் துடைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117. குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். போகும்போது பாட்டிலையும் எடுத்துப் போங்கள். "ஏதோ தைலம்" என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு வழி தெரியாது. கற்பூரம் என்றால் வலிப்புக்குத் தயாராக வேண்டும், வின்டர்கிரீன் என்றால் ரத்தத்தில் சாலிசிலேட் அளவு பார்க்க வேண்டும், கிராம்பு என்றால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும்.