"நான் சூதாடலை மேடம், எண்ணுறேன்"

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்து என் மேஜையில் வைத்தது. "நல்லா கலைச்சுக் குடுங்க. ஒரே ஒரு சீட்டை மட்டும் உருவி, கவிழ்த்து வெச்சுக்கோங்க" என்றார். வைத்துக்கொண்டேன். மீதி 51 சீட்டையும் இரண்டிரண்டாகப் புரட்டித் தள்ளினார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "கூட்டல் ஒண்ணுல நிக்குது. அப்போ உங்ககிட்ட இருக்கிறது பெரிய சீட்டு." திருப்பினேன். குயீன்.

கூட வந்திருந்த மனைவி சீட்டுகளின் பக்கம் திரும்பவே இல்லை. மூன்று மாத வங்கிக் கணக்கை அச்செடுத்து மடியில் வைத்திருந்தார்.

சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு ஆலோசனை தருவது என் வேலை. கேசினோ சார்பில் சீட்டுப் போடும் டீலரைவிட, 21-ஐத் தாண்டாமல் அதிகம் சேர்க்க வேண்டிய சீட்டாட்டம் பிளாக்ஜாக். அதில் சீட்டு எண்ணக் கற்றுக்கொண்டவர்கள் வந்தால், "அதெல்லாம் ஏமாற்று வேலை" என்று நான் சொல்வதில்லை. சொன்னால் அந்த நிமிடமே என்மேல் இருக்கும் மதிப்பு போய்விடும். ஏனென்றால் அது ஏமாற்று வேலை இல்லை, சரியான கணக்கு. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

1956-இல் அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு இளைஞர்கள், மேஜைக் கணிப்பான்களை மட்டும் வைத்துக்கொண்டு, எந்தக் கைக்கு எப்படி ஆடினால் நஷ்டம் மிகக் குறைவு என்று கணக்கிட்டு ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியர் அதை ஐபிஎம் 704 கணினியில் ஏற்றி, வெளியேறிய சீட்டுகளை நினைவில் வைத்தால் ஆட்டம் நம் பக்கம் சாயும் நேரங்கள் உண்டு என்று காட்டினார். 1962-இல் அது புத்தகமாக வந்தது. அவருடைய முதல் முறை ஐந்துகளை மட்டும் எண்ணுவது. கட்டிலிருந்து ஐந்து போய்விடுவதைப் போல ஆடுபவருக்குச் சாதகமான விஷயம் வேறில்லை.

இப்போது எல்லோரும் கற்பது ஹை-லோ என்ற எண்ணும் முறை. 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு, பத்தும் படச்சீட்டும் ஏஸும் வந்தால் ஒன்று கழி, 7, 8, 9-ஐ விட்டுவிடு. கூட்டுவதற்கு 20 சீட்டு, கழிப்பதற்கு 20 சீட்டு என்பதால் முழுக் கட்டும் பூஜ்ஜியத்தில் முடியும். என் மேஜையில் அவர் காட்டிய வித்தை அவ்வளவுதான். சின்னச் சீட்டுகள் அதிகம் வெளியேறிவிட்டால் மிச்சத்தில் பெரியவை நிறைய இருக்கும். 17 வரும்வரை டீலர் சீட்டு எடுத்தே ஆக வேண்டும், அப்போது பெரிய சீட்டு வந்தால் 21-ஐத் தாண்டிக் கவிழ்வார். நாமோ 12-லேயே நிறுத்திக்கொள்ளலாம். முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தோ படச்சீட்டோ சேர்ந்து பிளாக்ஜாக் விழுந்தால் ஒன்றரை மடங்கு நமக்குத்தான், டீலருக்கு அந்தச் சலுகை இல்லை.

அடுத்த படியில்தான் பலர் வழுக்குகிறார்கள். வந்த எண்ணிக்கையை, இன்னும் ஆடப்படாமல் மிச்சமிருக்கும் கட்டுகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 6 கட்டுகளைச் சேர்த்துக் கலைத்து வைத்த பெட்டியில் ஒரு கட்டு மட்டும் போயிருக்கும்போது கூட்டல் 6 வந்தால், வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ஒழுங்காக ஆடுபவரிடமே கேசினோவுக்குச் சுமார் அரை சதவீதச் சாதகம் உண்டு. வகுத்து வரும் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய அரை சதவீதத்தை நம் பக்கம் தள்ளும். அப்படியானால் அந்த "கூட்டல் 6" கிட்டத்தட்டச் சமநிலைதான். அதே கூட்டல் 6 கடைசி ஒரு கட்டு மிச்சமிருக்கும்போது வந்தால் கதையே வேறு. நம்மவரிடம் கேட்டேன், வகுப்பீர்களா என்று. "அதெல்லாம் ஒரு குத்துமதிப்பா மேடம்" என்றார்.

சரி, எல்லாவற்றையும் பிசகில்லாமல் செய்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். கைக்கு ஒரு சதவீதம் சாதகம், ஒரே அளவு பந்தயம், மணிக்கு 100 கை. மணிக்கு எதிர்பார்க்கக்கூடிய லாபம் ஒரே ஒரு பந்தயத் தொகை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அதிர்ஷ்டத்தால் மட்டுமே பதினொன்று, பன்னிரண்டு பந்தயம் மேலேயோ கீழேயோ போவது சர்வ சாதாரணம். சுமார் 13,000 கை, அதாவது 130 மணி நேரம் ஆடிய பிறகுதான் லாபம் அந்த ஊசலாட்டத்தின் அளவை எட்டிப் பிடிக்கும். அப்போதும் பிழையே செய்யாத ஆறு பேரில் ஒருவர் நஷ்டத்தில்தான் இருப்பார். நிஜத்தில் பந்தயத்தை ஏற்றி இறக்கி ஆடுவார்கள், ஊசலாட்டம் இன்னும் பெரிது.

இந்தக் கணக்கை அவர்களும் படித்திருக்கிறார்கள். நான் பயப்படுவது அதற்குத்தான். சாதாரணமாகத் தோற்றவன் "விட்டதைப் பிடிக்கப் போறேன்" என்பான், வீட்டில் உள்ளவர்கள் உஷாராகிவிடுவார்கள். எண்ணத் தெரிந்தவர் "இது வேரியன்ஸ், நீண்ட ஓட்டத்துல சரியாயிடும்" என்பார். வேரியன்ஸ் என்றால் அந்த ஊசலாட்டம்தான். கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியாது. தன் பிழையால் போனதா, ஊசலாட்டத்தில் போனதா என்று பிரித்துப் பார்க்க அவரிடமும் வழி இருக்காது. அடுத்த தடவை பணம் போடுவதற்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

உண்மையிலேயே எண்ணி ஆடுபவரை வேறு விதத்தில் அடையாளம் காணலாம்: அவருக்கு அலுப்பு பழகியிருக்கும். பெரும்பாலான கைகளில் இருப்பதிலேயே குறைந்த பந்தயம்தான் வைப்பார். எண்ணிக்கை இறங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு நாள் வரவும் செலவும் நோட்டில் இருக்கும். முழுவதும் போனாலும் வீடு ஓடும் என்ற அளவுக்குத் தனியாக ஒதுக்கிய பணத்தில்தான் ஆடுவார். என்னிடம் வருபவர்கள் இதில் ஒன்றுக்குக்கூட ஆமாம் சொன்னதில்லை. நோட்டு எங்கே என்றால் "மனசுல இருக்கு" என்பார்கள்.

எண்ணுபவர்களுக்கு எதிராகக் கேசினோக்களும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மூளையால் எண்ணுவது குற்றமில்லை, ஆனால் "இனி நீங்கள் ஆட வேண்டாம்" என்று வெளியே அனுப்பலாம். எண்ணுவதற்குக் கருவி வைத்திருந்தால் அது குற்றம், 1985-இலிருந்து. நியூ ஜெர்சியில் கென் யூஸ்டன் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரைத் தன்னிச்சையாக விலக்கக்கூடாது என்று 1982-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார். வென்றது பேருக்குத்தான். கட்டுகள் கூடின, சீட்டைச் சீக்கிரமே கலைத்தார்கள். பின்னால் ஓயாமல் கலைக்கும் இயந்திரமும் வந்தது. பிளாக்ஜாக்குக்கு ஒன்றரை மடங்குக்குப் பதிலாக ஐந்துக்கு ஆறு தரும் மேஜையில் உட்கார்ந்தால், அது ஒன்றே கேசினோவின் சாதகத்தைச் சுமார் 1.4 சதவீதம் கூட்டிவிடும். எண்ணிச் சம்பாதிப்பது முழுக்க அதிலேயே கரைந்துவிடும்.

நம்மவர் இந்த மேஜை எதிலும் உட்கார்ந்தவர் இல்லை. ஆடியதெல்லாம் செல்போனில். மென்பொருள் சீட்டுப் போடும் ஆட்டங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு கைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. போன கையில் எத்தனை சின்னச் சீட்டு வந்தது என்பதற்கும் வரப்போகும் கைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடக் கரும்பலகையை ஒவ்வொரு வரிக்கும் அழிக்கிற மாதிரி. இதை அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். தெரியும் என்றார். தெரிந்துதான் ஆடியிருக்கிறார்.

வாதம் செய்து பலனில்லை என்று அப்போதே விட்டுவிட்டேன். செயலியில் பழைய பந்தயங்களின் பட்டியல் இருக்கும் அல்லவா, அதைத் திறக்கச் சொன்னேன். ஒரு நாள் இரவு ஆடியதை வரிசையாக ஒரு தாளில் எழுதினோம். பந்தயம் ஏறிய இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டம் போடச் சொன்னேன். போட்டார். அப்புறம் ஒவ்வொரு வட்டத்துக்கும் முந்தைய மூன்று கைகளைப் பார்க்கச் சொன்னேன். முதல் வட்டத்துக்கு முன்னால் மூன்றும் தோல்வி. இரண்டாவதற்கு முன்னால் இரண்டு தோல்வி. நான்காவது வட்டத்துக்கு வரும்போது அவருடைய விரல் நின்றுவிட்டது. பத்தொன்பது வட்டத்தில் பதினேழு, தோற்ற கையோடு உடனே ஏற்றியவை. எண்ணிக்கை ஏறியதால் ஏற்றியது என்று அவரால் ஒன்றையும் காட்ட முடியவில்லை.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, தன் மடியில் இருந்த தாளில் அதே தேதியைத் தேடி விரல் வைத்தார். யாரும் எதுவும் பேசவில்லை. கிளம்பும்போது அவர் கட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார், நானும் தடுக்கவில்லை. வட்டம் போட்ட தாளை மடித்து எடுத்துக்கொண்டதும், அடுத்த வாரத்துக்கு நேரம் கேட்டதும் மனைவிதான்.