இன்ஜினின் வயதுக்கு எந்த மணிக்கணக்கு?

போன மாசியில் காவேரிப்பட்டணத்துப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா ஒரு பழைய டிராக்டர் வாங்கினார். ஷெட்டுக்குக் கூட்டிப்போய், "பாருப்பா, மீட்டர்ல ஆயிரத்து நூத்து நாப்பது மணிதான். புதுசு மாதிரி" என்றார். நான் கிளட்ச் பெடலைப் பார்த்தேன். மேலே இருந்த ரப்பர் போய், இரும்பு மழமழவென்று தேய்ந்து பளபளத்தது. அந்த மணிக்கு ஒரு பெடல் அப்படித் தேயாது. "சித்தப்பா, மீட்டர் கேபிள் அறுந்து ரொம்ப நாள் அப்படியே ஓட்டியிருக்காங்க போல" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

நான் ஓசூரில் குடியிருக்கும் விமானப் பராமரிப்பு இன்ஜினியர். பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் இருப்பதும், இலகு ரக விமானங்கள் அங்கே தயாரானதும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் கிலோமீட்டர் கணக்கு கிடையாது, எல்லாம் மணிக்கணக்குதான். அந்த மணியை எந்த மீட்டர் எண்ணியது என்று கேட்காமல் எண்ணை மட்டும் நம்பினால் என் சித்தப்பாவுக்கு நடந்ததுதான் எங்களுக்கும் நடக்கும்.

செஸ்னா 172 போன்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பெரும்பாலும் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று ஹாப்ஸ் மீட்டர். பல விமானங்களில் இன்ஜின் ஆயில் பிரஷர் ஏறியதும் ஓட ஆரம்பிக்கும், பிரஷர் போனால் நிற்கும். சாதாரணக் கடிகாரம் போலத்தான், இன்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் அதற்கு ஒன்றே. இன்னொன்று, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரிலேயே இருக்கும் மணி மீட்டர். இது சுற்றுகளை எண்ணும். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்து அமைத்திருந்தால், அந்த வேகத்தில் ஓடும்போது மட்டும் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். பழைய டிராக்டர்களில் கேபிளில் ஓடும் மீட்டரும் இதே வகைதான்.

ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். தரையில் 1,000 சுற்றில் 20 நிமிடம், வானில் 2,400 சுற்றில் 60 நிமிடம். ஹாப்ஸ் 80 நிமிடத்தையும் எண்ணி 1.3 மணி காட்டும். டாக் மீட்டர் தரையில் கழிந்த 20 நிமிடத்தை எட்டு நிமிடமாகத்தான் எண்ணும், ஆகவே 1.1. சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தொட்டது வரை கணக்கிட்டால் 1.0. மூன்றும் சரி. பைலட் தன் லாக் புக்கில் எழுதுவது இன்னொரு கணக்கு: பறப்பதற்காக விமானம் தன் சக்தியில் நகரத் தொடங்கியதிலிருந்து கடைசியாக நிற்கும் வரை.

மூன்றும் சரி என்றால் சிக்கல் எங்கே? கலப்பதில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு விமானத்தின் பதிவேடுகளைச் சரிபார்த்தேன். மேக்னெட்டோவை, அதாவது ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் கருவியை, 500 மணிக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். கடைசியாகப் பார்த்தது 3,120இல், அடுத்தது 3,620 என்று எழுதியிருந்தது. அது ஹாப்ஸ் கணக்கு, ஆனால் எழுதியவர் எந்த மீட்டர் என்று குறிக்கவில்லை. பின்னால் வந்தவர் டாக் மீட்டரைப் பார்த்தார். அதில் 3,040. "இன்னும் 580 மணி இருக்கு" என்று பென்சிலால் குறித்துவிட்டார். அன்று ஹாப்ஸ் 3,579இல் நின்றது. உண்மையில் மிச்சம் இருந்தது 41 மணிதான். அந்தப் பென்சில் குறிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் மீட்டரின் பெயரை எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை.

ஓடாமல் கிடப்பதற்கும் கணக்கு உண்டு. செஸ்னாவில் வரும் லைகமிங் இன்ஜின்கள் பலவற்றுக்கு ஓவர்ஹால், அதாவது முழுதாகப் பிரித்துப் புதுப்பிப்பது, 2,000 மணி அல்லது 12 ஆண்டு, எது முந்துகிறதோ அது. ஆயில் ஃபில்டர் உள்ள இன்ஜினுக்கு ஆயில் மாற்றுவதும் 50 மணி அல்லது நான்கு மாதம். சும்மா நின்றால், வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்டிலிருந்து ஆயில் வடிந்து, ஈரம் பட்டுத் துரு ஏறும். மாங்காய் முடிந்ததும் மருந்து அடிக்கும் பம்பை மூலையில் போட்டுவிடுகிறோமே, அடுத்த பூ சீசனில் அது ஸ்டார்ட் ஆகாமல் அழ வைக்கிறதே, அதே கதைதான்.

பெரிய ஜெட்டுக்கு மணி மட்டும் போதாது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் எத்தனை நேரம் வளைத்தோம் என்பதால் ஒடிவதில்லை, எத்தனை தடவை வளைத்தோம் என்பதால்தான் ஒடியும். ஒவ்வொரு ஏற்றத்திலும் வெளியே இருப்பதைவிடக் கேபினுக்குள் காற்றழுத்தம் கூடி விமானத்தின் உடல் உப்பும், இறங்கும்போது சுருங்கும். இன்ஜினுக்குள் சுழலும் தட்டுகளும் சூடாகிக் குளிரும். அதனால் ஏறி இறங்குவதை ஒரு சைக்கிள் என்று எண்ணுகிறோம். எண்ணிக்கை முடிந்த தட்டு பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் கழற்றிப் போட்டுவிட வேண்டும். 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் கூரையில் ஒரு பெரும் பகுதி நடுவானில் பிய்ந்து போனது. ஒரு பணிப்பெண் உயிரிழந்தார். அந்த விமானம் பறந்தது ஏறத்தாழ 35,500 மணி, ஆனால் ஏறி இறங்கியதோ 89,680 தடவை. சராசரியாக ஒரு பயணம் அரை மணி கூட இல்லை. உப்புக்காற்றில் அரிப்பும் சேர்ந்துகொண்டது.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். ஜேசிபியை மணிக்கு இவ்வளவு என்று பேசும்போது மீட்டர் மணியா கடிகார மணியா என்று முதலிலேயே கேளுங்கள். மீட்டர் மணி என்றால் ஆரம்பிக்கும் முன்பும் முடிந்த பின்பும் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டி வாங்கினால் மீட்டரோடு பெடல், சீட், டயர், சர்வீஸ் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது மீட்டர் நகர்கிறதா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

சித்தப்பா புது கேபிள் போட்டுவிட்டார். ஷெட்டு ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. போன வாரம் புரட்டிப் பார்த்தேன். கடைசி வரி: "தண்ணி டேங்கர். மீட்டர் 1.1. கடிகாரம் 2 மணி."