மெயில் சர்வர் எங்கே காத்துக்கிடக்கிறது?

மெயில் சர்வர் மந்தமானதும் ரேமையும் சிபியுவையும் கூட்டிப் பார்ப்பது வழக்கம். பெரும்பாலும் பலன் இருக்காது. வைரஸ், ஸ்பேம் வடிகட்டிகளை விட்டுவிட்டால், ஒரு மடலுக்காக சர்வர் போடும் கணக்கு மிகக் கொஞ்சம். நேரம் போவது காத்திருப்பதில்: வட்டுக்காக, டொமைன் பெயருக்கு முகவரி தேடித்தரும் டிஎன்எஸ் பதிலுக்காக, எதிர்முனை சர்வருக்காக.

எதற்காகக் காத்திருந்தது என்பதை, மெயில் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் தன் லாகிலேயே (பதிவேட்டிலேயே) எழுதிவிடுகிறது. ஒவ்வொரு டெலிவரி வரியிலும் ‘டிலேஸ்’ என்ற இடத்தில் 0.1/0.02/30/0.4 என்பதுபோல் நான்கு எண்கள் இருக்கும். எல்லாம் விநாடிக் கணக்கு. மடல் வந்து, அனுப்பத் தயாரானவை நிற்கும் ஆக்டிவ் கியூவுக்குள் நுழையும்வரை ஆனது முதல் எண். அங்கே தன் முறைக்காகக் கிடந்தது இரண்டாவது. டிஎன்எஸ், ஹலோ என்ற அறிமுகம், டிஎல்எஸ் என்ற மறையாக்கம் எல்லாம் சேர்த்து இணைப்பு ஏற்பட ஆனது மூன்றாவது. மடலைக் கொடுத்து முடித்தது நான்காவது.

முதல் எண் பெரிதாக இருந்தால் வட்டைப் பாருங்கள். மடல் வட்டில் பத்திரமாகப் பதிந்த பிறகுதான் போஸ்ட்ஃபிக்ஸ் அனுப்பியவருக்கு 250 (‘பெற்றுக்கொண்டோம்’) என்று பதில் தரும். 7200 ஆர்பிஎம் வட்டு விநாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஒரு மடலுக்கே பலமுறை எழுத வேண்டும். அதனால் கேஷ் (தற்காலிக நினைவகம்) பாதுகாப்பில்லாத ஒற்றை வட்டில் விநாடிக்குச் சில பத்து மடல்களைத் தாண்டுவதே பாடு. மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி அல்லது பேட்டரி கேஷ் உள்ள ரெய்டு கார்டுதான் இதற்கு மருந்து. லாக் எழுதும் வட்டையும், மடல்கள் காத்திருக்கும் இடமான ஸ்பூல் இருக்கும் வட்டையும் பிரித்துவிடுவது நல்லது. ஸ்பூலை ரேமில் வைத்தால் வேகம் பறக்கும்தான். ஆனால் கரண்ட் போனால், ‘பெற்றுக்கொண்டோம்’ என்று ஒப்புக்கொண்ட மடல்களும் கூடவே போய்விடும். அந்தக் குறுக்குவழி வேண்டாம். இன்னொன்று: உடனே போகாமல், பிறகு முயல ஒதுக்கிவைக்கும் டிஃபர்டு கியூவுக்குப் போய்த் திரும்பிய மடல்களில் முதல் எண் ஆயிரக்கணக்கில் நிற்கும். அது வட்டின் குற்றமல்ல.

அதிகம் ஏமாற்றுவது இரண்டாவது எண்தான். இயல்பமைப்பில் ஒரே சமயத்தில் 100 டெலிவரி ப்ராசஸ்கள் ஓடலாம். ஒரு மடலுக்கு அரை விநாடி ஆனால் விநாடிக்கு 200 மடல்கள் போகும். அதே 100 ப்ராசஸும் செத்துப்போன சர்வர்களின் கதவைத் தட்டி, 30 விநாடி கனெக்ட் டைம்அவுட் முடியும்வரை நின்றால், விநாடிக்கு மூன்றைத்தான் பார்க்க முடியும். நல்ல முகவரிக்குப் போக வேண்டிய மடலும் பின்னால் சிக்கிக்கொள்ளும். சர்வரில் லோடோ ஏறக்குறைய பூஜ்யமாகத் தெரியும்.

இங்கே போஸ்ட்ஃபிக்ஸின் க்யூஷேப் கட்டளையை ஓட்டினால் எந்த டொமைனுக்கு எத்தனை மடல், எவ்வளவு நேரமாகக் கிடக்கிறது என்று அட்டவணையாகக் காட்டும். கனெக்ட் டைம்அவுட்டை 5 அல்லது 10 விநாடியாகக் குறைக்கலாம். முதல் முயற்சியில் போகாதவற்றை ஃபால்பேக் ரிலே வழியாக வேறொரு இயந்திரத்துக்குத் தள்ளிவிடுவது இன்னும் நல்லது. ப்ராசஸ் வரம்பைக் கூட்டுவது இதற்கெல்லாம் பிறகுதான். முகவரி விவரங்கள் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் இருந்தால், 100ஐ 500 ஆக்கும்போது ஒவ்வொரு ப்ராசஸும் அதற்குத் தனி இணைப்பு திறந்து அதை முட்டவைக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இடைத்தரகரான ப்ராக்ஸிமேப் வழியாகக் கேட்கவைத்தால் இணைப்புகள் பகிரப்படும். வைரஸ், ஸ்பேம் வடிகட்டியான அமாவிஸுக்கு அனுப்பும் ப்ராசஸ் எண்ணிக்கை அமாவிஸின் சொந்த எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது எண் 30ஐ ஒட்டி நின்றால், அந்த டொமைனின் முதல் எம்எக்ஸ் (மடல் வாங்கும் சர்வர்) பதில் தராமல் அடுத்ததற்குப் போயிருக்கிறது என்று ஊகிக்கலாம். எல்லா டொமைனுக்கும் ஐந்து விநாடி வீதம் கூடினால் சந்தேகம் டிஎன்எஸ் மேல். அதே இயந்திரத்தில் அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் ரிசால்வரை நிறுவி, 127.0.0.1ஐ (அதே இயந்திரத்தையே) கேட்க வையுங்கள். க்ரூட்டில் (ஸ்பூல் கோப்புறைக்குள் அடைக்கப்பட்டு) ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ், எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கோப்பின் பழைய நகலை ஸ்பூலுக்குள்ளிருந்தே படித்துக்கொண்டிருக்கும். அதையும் புதுப்பிக்க வேண்டும். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஸ்பேம்ஹாஸைப் பொது ரிசால்வர் வழியாகக் கேட்பது இன்னொரு கண்ணி. பட்டியல் விவரத்துக்குப் பதில் 127.255.255.254 என்ற பிழைக்குறி வரும். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பேம் என்று எழுதிவைத்த சர்வர், வருகிற மடல் அத்தனையையும் திருப்பியடித்துவிடும்.

நான்காவது எண்ணில் நம் கை அதிகம் இல்லை. பெரிய மடலோ, எதிர்முனையின் மெதுவான வடிகட்டியோதான் காரணமாக இருக்கும். ஒரே டொமைனுக்கு ஒரே சமயத்தில் 20 டெலிவரி என்பது இயல்பு வரம்பு. அந்த டொமைன் 421 (‘இப்போது முடியாது, பிறகு வா’) என்று விரட்டத் தொடங்கினால், அதற்கு மட்டும் தனி டிரான்ஸ்போர்ட் (அனுப்பும் வழி) வைத்து வரம்பை 2 அல்லது 3 ஆக்குங்கள். விரட்டு வாங்கித் திரும்பத் திரும்ப முயல்வதைவிட மடல்கள் சீக்கிரம் போய்ச்சேரும்.