பேதி எத்தனை முறை என்பதல்ல கேள்வி

"மூணு நாளா நிக்கவே இல்ல டாக்டர். ஏதாவது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுங்க." குழந்தையைத் தோளில் போட்டபடி வந்த அம்மா, உட்காரும் முன்பே கேட்டுவிட்டார். ஒன்றரை வயதுப் பையன். முதல் நாள் காய்ச்சலும் வாந்தியும், மறுநாளிலிருந்து தண்ணீராகப் பேதி. ரத்தமோ சளியோ இல்லை. இந்த வரிசையைக் கேட்டாலே, அநேகமாக வைரஸ்தான் என்று தோன்றிவிடும்.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனான்?" என்று கேட்டேன். யோசித்தார், தெரியவில்லை. பேதி எத்தனை முறை என்பதை மட்டும் துல்லியமாகச் சொன்னார். பெரும்பாலான பெற்றோர் இப்படித்தான். எனக்கு வேண்டியதோ அந்த இன்னொரு கணக்கு, சிறுநீர்க் கணக்கு. உடம்பில் தண்ணீர் வற்றுகிறதா என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

சின்னக் குழந்தைகளின் வாந்தி பேதிக்குப் பெரும்பாலும் வைரஸ்களே காரணம். அதில் பேர்போனது ரோட்டா. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் சக ஆய்வாளர்களும், நோயுற்ற குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டுபிடித்தது. லத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம். பார்க்க அப்படித்தான் இருக்கும். நோரோ வைரஸில் வாந்தி தூக்கலாக இருக்கும், பெரும்பாலும் மூன்று நாளுக்குள் அடங்கிவிடும், ஆனால் வீட்டில் ஒருவரையும் விடாது. அடினோவில் சில வகைகள் பேதியை ஒரு வாரத்துக்கு மேலும் இழுத்தடிக்கும். ஆஸ்ட்ரோ, சாப்போ என்று இன்னும் உண்டு. எந்த வைரஸ் என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். ரோட்டா அவற்றின் நுனியிலுள்ள செல்களைத் தாக்கி அழிக்கிறது. உறிஞ்சும் இடமே போய்விட்டால் தண்ணீர் எங்கே நிற்கும்? சில நாளில் புது செல்கள் முளைத்து வந்துவிடும். இந்த வேலையில் ஆன்டிபயாடிக்குக்கு எந்தப் பங்கும் இல்லை. அது பாக்டீரியாவுக்கான மருந்து. சொல்லப்போனால், அதுவே சில குழந்தைகளுக்குப் பேதியைக் கூட்டிவிடும். பெரியவர்கள் போடும் 'பேதி நிறுத்தும்' மாத்திரையையும் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

குடல் இவ்வளவு அடிபட்டும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால் குடல் இரண்டையும் உள்ளே இழுக்கும், கூடவே தண்ணீரும் போகும். ஓ.ஆர்.எஸ். கரைசலின் ரகசியம் அவ்வளவுதான். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். குத்துமதிப்பாகக் கால் பாக்கெட், அரை டம்ளர் என்று கலக்கினால் அந்த விகிதம் கெட்டுவிடும். இனிப்பு அதிகமுள்ள ஜூஸும் குளிர்பானமும் குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். கூடவே துத்தநாக மருந்தை 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பேதி நின்றதும் பலர் அதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

"குடிச்சா வாந்தி எடுக்குறானே?" என்பது அடுத்த கேள்வி. டம்ளரோடு கொடுத்தால் எடுக்கத்தான் செய்வான். ஒரு ஸ்பூன், இரண்டு நிமிட இடைவெளி, மறுபடி ஒரு ஸ்பூன். வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, முன்னைவிட மெதுவாக.

ஆனால் வாந்தி பச்சையாக வந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், கண் குழிவிழுந்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே இல்லையென்றால், ஸ்பூனோடு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையென்றால் இவ்வளவு தூரம் காத்திருக்கவும் வேண்டாம்.

அப்புறம், ரோட்டாவுக்குத் தடுப்பூசி இருக்கிறது. பேர்தான் ஊசி, வாயில் விடுவதுதான். ஆறு வார வயதில் தொடங்கலாம். தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் தொடங்கும் வயது கடந்துவிடும். மற்ற வைரஸ்களை அது தடுக்காது. ரோட்டா வந்தாலும் கடுமையாகாமல் பார்த்துக்கொள்ளும். நோரோவுக்கு சானிடைசரை நம்ப வேண்டாம். டயபர் மாற்றியதும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதுதான் சரி.

அந்தப் பையனை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து ஸ்பூனால் கொடுக்கச் சொன்னேன். "இவ்வளவுதானா வைத்தியம்?" என்று அப்பா முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "டயபர் நனைஞ்சிருக்கு டாக்டர்!"