ஸ்டாய்க்கியோமெட்ரி: வினைக்கூறு அளவியல்

ஒரு வேதிவினையில் எந்தப் பொருள் எவ்வளவு செலவாகும், எது எவ்வளவு கிடைக்கும் என்று நிறையைக் கொண்டு கணக்கிடும் முறைக்கு ஸ்டாய்க்கியோமெட்ரி என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஸ்டாய்க்கியான்' என்பது பொருள்களின் அடிப்படைக் கூற்றையும் நெடுங்கணக்கின் எழுத்தையும் ஒருங்கே குறித்த சொல்; 'மெட்ரான்' என்றால் அளவு. இவ்விரண்டையும் இணைத்து 1792ஆம் ஆண்டு இச்சொல்லை ஆக்கியவர் ஜெர்மானிய வேதியியலாளர் எரேமியாஸ் பெஞ்சமின் ரிக்டர். அவரை இதற்குத் தூண்டியதே, அமிலமும் காரமும் சேர்ந்து ஒன்றன் தன்மையை மற்றது போக்கிவிடும் அமில கார நடுநிலையாக்கல்தான். நடுநிலையான இரண்டு உப்புக் கரைசல்கள் கலந்து, ஒன்றன் அமிலம் மற்றதன் காரத்தோடு சேர்ந்த பின்பும் கலவை நடுநிலையாகவே இருக்கக் கண்ட அவர், அமிலமோ காரமோ சிறிதும் மிஞ்சாமல் இருக்க வேண்டுமானால் அவற்றின் நிறைகளுக்கிடையே மாறாத விகிதம் இருந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்.

தமிழில் இதனை வேதிவினைக்கூறு விகிதம் என்றும் வேதி அளவியல் என்றும் எழுதுகிறார்கள். முதலாவதில் அளத்தல் என்ற பொருள் இல்லை; இரண்டாவதில் கூறு விட்டுப்போகிறது. எனக்கு 'வினைக்கூறு அளவியல்' என்பதே பொருத்தமாகப் படுகிறது. அதற்குக் காரணம் 'கூறு' என்ற சொல். பாளையங்கோட்டை மார்க்கெட்டில் சாக்கை விரித்து எலுமிச்சம்பழத்தை ஐந்தைந்தாகக் குவித்து, 'கூறு இவ்வளவு' என்று விலை சொல்லி விற்பார்கள். பக்கத்திலேயே மாங்காயையும் ஐந்தைந்தாகக் கூறு கட்டியிருந்தால், இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். தராசில் வைத்தால் நிறை வேறாக இருக்கும். வேதியியலில் மோல் என்பதும் இப்படிப்பட்ட ஒரு கூறுதான். அதில் ஐந்துக்குப் பதிலாக 6.022 × 10²³ துகள்கள் இருக்கின்றன, அவ்வளவே வேறுபாடு. வினை எண்ணிக்கையைப் பார்த்து நடக்கிறது, நாமோ நிறுத்துத்தான் எடுக்க முடிகிறது என்பதால், கூற்றை நிறையாக மாற்றத் தெரிந்தவருக்கு இக்கணக்கு வசப்பட்டுவிடும். சோறு 'சோற்று' ஆவது போலக் 'கூற்றளவியல்' என்று புணர்த்தலாமே எனக் கேட்கலாம். ஆனால் கூற்று என்றதும் பேச்சும் எமனும் நினைவுக்கு வருவதால், பிரித்தே எழுதுவது நல்லது.

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் ஒரு மோல் 36.5 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடின் ஒரு மோல் 40 கிராம். ஒன்றுக்கு ஒன்று சேர்ந்து 58.5 கிராம் உப்பும் 18 கிராம் நீரும் உண்டாகின்றன. இரு பக்கமும் கூட்டினால் 76.5 கிராம். 1986 வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியின் உப்பளங்களில் கடல்நீரைக் காயவைத்து எடுக்கும் உப்பும் இதே சோடியம் குளோரைடுதான். பள்ளி ஆய்வகத்தில் பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழ, காரம் உள்ள குடுவையில் ஃபினால்ஃப்தலீன் என்னும் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு வெளிறிக்கொண்டே வந்து, ஒரே ஒரு சொட்டில் முற்றிலும் மறையும் கணத்தில் நாம் காண்பது இந்தக் கூறுகள் சரிக்குச் சரியாகத் தீர்ந்து நிற்பதைத்தான்.

மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது ஒன்றுக்கு ஒன்று அல்லாத வினைகளில்தான். தாழையூத்துப் பக்கம் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு நீற்றினால் கால்சியம் ஹைட்ராக்சைடு கிடைக்கும். அதன் ஒரு மோல் 74.1 கிராம், ஆனால் அது நடுநிலையாவதற்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு மோல், அதாவது (36.5 என்று முழுதாக்காமல் 36.46 என்றே எடுத்தால்) 72.9 கிராம் வேண்டும். விளைவது 111 கிராம் கால்சியம் குளோரைடும் 36 கிராம் நீரும். ஆகவே 100 கிராம் அமிலத்தைத் தீர்க்க 74.1-ஐ 72.9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க, 101.6 கிராம் சுண்ணாம்பு என்று விடை வரும். சமன்பாட்டைச் சமன்செய்யாமல், அமிலத்தை ஒரே மோலாக எடுத்துக்கொண்டவருக்கோ ஏறத்தாழ 203 கிராம் என்று வரும். அதில் பாதி வினைபடாமல் அப்படியே கிடக்கும். இங்கே இரு நிறைகளும் கிட்டத்தட்டச் சமமாக அமைந்தது தற்செயல் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைப் பார்த்து எந்தக் காரத்துக்கும் 'கிராமுக்குக் கிராம்' என்று பொதுவிதி வகுத்துக்கொள்ளக் கூடாது.

காரம் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மிளகாயின் காரம் வேறு, இது வேறு. நம் பக்கத்துப் பெரியவர்கள் சோப்பைச் சவுக்காரம் என்பார்களே, அதன் ஈற்றில் நிற்கும் காரமே வேதியியலின் காரம்.

கணக்கில் வரும் நிறை தூய பொருளுக்கு உரியது என்பதையும் மறக்கலாகாது. நிறுத்து எடுத்த சுண்ணாம்பில் 80 விழுக்காடே கால்சியம் ஹைட்ராக்சைடாகவும் மீதி அமிலத்தோடு வினைபடாத மணலாகவும் இருந்தால், அந்த 101.6 கிராமை 0.8-ஆல் வகுத்து, 127 கிராம் எடுக்க வேண்டும்.